குடியிருக்க எந்த ஊர்? முதலில் வயலைக் கேளுங்கள்

(உழவர் பயிற்சி வகுப்பு ஒன்றில் ஆற்றிய உரை)



வழக்கமாக உங்கள் முன் நிற்கும்போது விதை நேர்த்தி, களைக் கட்டுப்பாடு, உரமிடுதல் என்று ஏதாவது ஒன்றைப் பற்றித்தான் பேசுவேன். இன்று வேறொரு செய்தி பற்றிப் பேச விரும்புகிறேன். வயல்வெளிக்கு வரும்போதெல்லாம் உங்களில் பலர் என்னிடம் தனியே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பிள்ளைகள் படிப்புக்காக டவுனுக்குக் குடிபோகலாம் என்றிருக்கிறோம். எந்த ஊருக்குப் போகலாம் சார்? புதுக்கோட்டையா, அறந்தாங்கியா, இல்லை திருச்சிக்கே போய்விடலாமா?" என்பதுதான் அந்தக் கேள்வி.

இது உழவியல் ஆசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்விதானா என்று முன்பு நினைத்ததுண்டு. இப்போது அப்படி நினைப்பதில்லை. எந்த விதை போடுகிறோம் என்பது ஒரு பருவத்து விளைச்சலைத் தீர்மானிக்கிறது. எந்த ஊரில் குடியிருக்கிறோம் என்பது அந்த நிலம் நம்மிடம் இருக்குமா, இருக்காதா என்பதையே தீர்மானித்துவிடும். இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. என் வீட்டில் நடந்தது.

எங்கள் வீட்டுக் கதை

திருமயத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்மாய்ப் பாசனக் கிராமம் எங்கள் ஊர். மூன்று ஏக்கர் நஞ்சை, ஒரு கிணறு, இரண்டு மாடு. 2003-ஆம் ஆண்டு, நான் ஒன்பதாம் வகுப்புக்குப் போகும்போது, அப்பா குடும்பத்தைத் திருச்சிக்கு மாற்றினார். தொடர்ந்து மழை பொய்த்துக் கண்மாய் பெருகாத காலம் அது. "சனி, ஞாயிறு நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்" என்று அப்பத்தாவிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.

முதல் வருடம் வாரம் தவறாமல் போனார். இரண்டாம் வருடம் மாதம் இருமுறை ஆயிற்று. மூன்றாம் வருடம் நிலத்தை வாரத்துக்கு விட்டார். வாரத்துக்கு எடுத்தவர் நல்லவர்தான். ஆனால் கிணற்றுக்குச் சுவர் கட்டுவதும், வரப்பு வெட்டுவதும், தொழு உரம் அடிப்பதும் அவர் வேலை அல்லவே! கிணறு சரிந்தது. மேட்டுப் பக்கம் சீமைக் கருவேலம் ஏறியது. 2009-இல் நிலத்தை விற்றோம். "உடையவன் இல்லாவிட்டால் ஒரு முழம் கட்டை" என்று அப்பத்தா அடிக்கடி சொல்வார். எங்களுக்கு ஒரு முழமல்ல, மூன்று ஏக்கரும் கட்டையாகிவிட்டது.

நான் படித்தேன், ஆசிரியராகவும் ஆனேன். அதை மறுக்கவில்லை. ஆனால் அன்று எங்கள் வீட்டில் யாரும் நான்கு ஊரை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. திருமயமோ புதுக்கோட்டையோ போதுமா என்று கேட்கவில்லை. எங்கள் தெருவில் இரண்டு குடும்பங்கள் திருச்சிக்குப் போயிருந்தன, நாங்களும் போனோம். அவ்வளவுதான். நீங்களாவது ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

பயிர் அழைக்கும் தூரம்

ஊரை ஒப்பிடுவதற்கு முன் உங்கள் பயிரை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு பயிரும் தன் உடையவனை இத்தனை நாளுக்கு ஒருமுறை வா என்று அழைக்கிறது. அந்த அழைப்புக்கு ஓடிவரக்கூடிய தூரத்தில்தான் வீடு இருக்க வேண்டும். இதைப் "பயிர் அழைக்கும் தூரம்" என்று வைத்துக்கொள்வோம். பயிர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

1. நாள்தோறும் அழைப்பவை: மல்லிகை, கனகாம்பரம், சம்பங்கி, காய்கறிகள், நெல் நாற்றங்கால், இவற்றோடு கறவை மாடு. பூவை விடியுமுன் பறித்துச் சந்தைக்குச் சேர்க்க வேண்டும். மாட்டுக்குக் காலையும் மாலையும் பால் கறக்க வேண்டும். இவற்றை நம்பியுள்ள குடும்பம் வயலிலிருந்து ஐந்தாறு கிலோ மீட்டருக்கு மேல் போகக் கூடாது.

2. வாரத்தில் இரண்டு மூன்று முறை அழைப்பவை: நட்ட நெல், நிலக்கடலை, வாழை. நிலக்கடலையை எடுத்துக்கொள்ளுங்கள். விதைத்த 20 முதல் 25 நாளில் முதல் களை எடுக்க வேண்டும். 40 முதல் 45 நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைக்க வேண்டும். அதற்குப் பிறகு விழுது மண்ணில் இறங்கும் காலமாதலால் செடியின் அடியைக் கலைக்கக் கூடாது. ஐந்து நாள் தவறினால் காய் பிடிப்பதில் குறை தெரியும். இப்பயிர்களுக்குப் பத்துப் பதினைந்து கிலோ மீட்டர், அதாவது இருசக்கர வாகனத்தில் அரைமணி நேரப் பயணம் ஏற்றது.

3. மாதத்தில் சில முறை அழைப்பவை: காய்ப்புக்கு வந்த தென்னை, முந்திரி, பலா, மானாவாரி உளுந்து. தென்னையில் 45 நாளுக்கு ஒருமுறை காய் பறிக்கிறோம். முந்திரியில் பங்குனி, சித்திரையில்தான் வேலை மிகுதி. வம்பன் 8 போன்ற உளுந்து 65 முதல் 75 நாளில் முடிந்துவிடும். பூக்கும் தருணத்தில் ஏக்கருக்கு 2 கிலோ பயறு ஒண்டர் தெளிப்பதை மட்டும் தவற விடக் கூடாது. இப்பயிர் உள்ளவர்கள் முப்பது நாற்பது கிலோ மீட்டர் தள்ளியிருந்தும் சமாளிக்கலாம். தென்னங்கன்று நட்ட முதல் மூன்று ஆண்டுகளுக்கு இது பொருந்தாது.

ஆகவே "எந்த ஊர் நல்ல ஊர்?" என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. பூ விவசாயிக்கு நல்ல ஊர் வேறு, முந்திரி விவசாயிக்கு நல்ல ஊர் வேறு.

நம் மாவட்டத்து ஊர்கள்

நம் மாவட்டம் 14.1.1974 அன்று திருச்சி, தஞ்சை மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து அமைக்கப்பட்டது. தென் வெள்ளாறு, அக்னியாறு, அம்புலியாறு, பாம்பாறு என்று ஆறுகள் இருந்தும் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஏரி, கண்மாய், குளங்களும், வடகிழக்குப் பருவ மழையுமே நமக்கு ஆதாரம். நம் ஊர்களின் நிறைகுறையும் இந்தத் தண்ணீரைப் பொறுத்ததே.

புதுக்கோட்டை: படிப்பு, மருத்துவம் இரண்டிலும் மாவட்டத்தில் முதலிடம் இதற்கே. மன்னர் கல்லூரி, அரசு மகளிர் கல்லூரி ஆகியவை உள்ளன. 2017-இல் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தது. திருச்சி, காரைக்குடி இரு பக்கமும் ரயில் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திவானாக இருந்த சேஷையா சாஸ்திரியார் நகரைச் சீரமைத்தபோது தெருக்களோடு குளங்களையும் சேர்த்தே சீர்படுத்தினார். புதுக்குளமும் பல்லவன் குளமும் இன்றும் அதற்குச் சாட்சி. நகருக்குப் பக்கத்திலேயே கவிநாட்டுக் கண்மாய் பரந்து கிடக்கிறது. குடிநீருக்கோ இன்று காவிரியை எதிர்பார்க்கும் நிலை. 2024-இல் நகரம் மாநகராட்சியானது. சுற்றியுள்ள ஊராட்சிகள் மாநகராட்சியோடு சேரும்போது வீட்டு வரி உயரும், மனை விலை உயரும், ஊரக வேலைத் திட்டப் பயன் நிற்கும். இவற்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நகரைச் சுற்றிப் பதினைந்து கிலோ மீட்டருக்குள் நிலம் உள்ளவர்களுக்கு இது நல்ல ஊர். பொன்னமராவதிப் பக்கமோ ஆவுடையார்கோவில் பக்கமோ நிலம் உள்ளவர்களுக்கு அப்படிச் சொல்ல முடியாது.

அறந்தாங்கி: மாவட்டத்தின் இரண்டாவது பெரிய நகரம். அரசு மருத்துவமனை, அரசு கலை அறிவியல் கல்லூரி, பெரிய கடைவீதி எல்லாம் உண்டு. அகலப் பாதைப் பணிக்காக 2012-இல் நின்ற ரயில் 2018-இல் திரும்பி வந்தது. 1934-இல் முடிக்கப்பட்ட கல்லணைக் கால்வாய் இப்பகுதியின் ஏரிகளை நிரப்பி மும்பாலை ஏரியில் முடிகிறது. ஆயினும் இது கடைமடை. மேட்டூர் திறந்துவிட்டால் போதாது, மடைக்குத் தண்ணீர் வரும் இரவில் நீங்கள் மடையில் நிற்க வேண்டும். 2020-ஆம் ஆண்டு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் நம் மாவட்டத்தின் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஆகிய ஐந்து வட்டாரங்கள் இடம்பெற்றன. எண்ணெய், எரிவாயுத் துரப்பணம் போன்ற புதிய தொழில்கள் அங்கு வர முடியாது. நிலத்தை நம்பியே இருக்க நினைப்பவர்களுக்கு இது ஒரு தைரியம். கடைமடை நெல் விவசாயிக்கு அறந்தாங்கியே பொருத்தமான நகரம் என்பது என் கருத்து.

ஆலங்குடி, கீரமங்கலம்: பூவும் பலாவும் தென்னையும் வாழையும் செழித்த செம்மண் பூமி. கீரமங்கலம் பூச்சந்தை அருகில் இருப்பது பெரிய வசதி. ஆலங்குடியில் அண்மை ஆண்டுகளில் அரசு கலை அறிவியல் கல்லூரி தொடங்கப்பட்டுள்ளது. வம்பன் தேசியப் பயறு வகை ஆராய்ச்சி மையமும் வேளாண்மை அறிவியல் நிலையமும் பக்கத்திலேயே உள்ளன. இங்கே பெரிய கவலை நிலத்தடி நீர். ஆழ்துளைக் கிணறுகள் பல நூறு அடிக்குப் போய்விட்டன. 16.11.2018 அன்று வீசிய கஜா புயலையும் மறந்துவிடக் கூடாது. தென்னைகள் சாய்ந்தன, மின்கம்பங்கள் விழுந்தன. வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்துத் தண்ணீர் இறைத்தீர்கள். அன்று மிஞ்சிய பயிருக்குத் தண்ணீர் காட்ட முடிந்தது உடையவர்கள் பக்கத்தில் இருந்ததால்தான்.

கீரனூர், விராலிமலை: இரண்டுமே திருச்சிக்கு அருகில், நெடுஞ்சாலையில் உள்ள ஊர்கள். கீரனூருக்கு ரயிலும் உண்டு. விராலிமலையில் தொழிற்சாலை வேலை கிடைக்கிறது. குடும்பத்தில் ஒருவர் வேலைக்குப் போய், மற்றவர் நிலத்தைப் பார்க்கும் வீட்டுக்கு இவை ஏற்றவை. திருச்சியில் படிக்கும் பிள்ளையும் இங்கிருந்து போய்வரலாம். ஆனால் சாலையோர நிலத்தை மனைக்குக் கேட்டு வருபவர்கள் மிகுதி. காவிரி - வைகை - குண்டாறு இணைப்புக் கால்வாய்க்கு 2021-இல் இப்பகுதியில்தான் அடிக்கல் நாட்டினார்கள். முதற்பகுதி மாயனூரிலிருந்து தென் வெள்ளாறு வரை என்பது திட்டம். தண்ணீர் வரட்டும், மகிழ்வோம். வருவதற்கு முன்பே நிலத்தை விற்றுவிட்டு, வந்தபின் வருந்தக் கூடாது.

திருமயம், பொன்னமராவதி: கண்மாய்ப் பாசனமும் மானாவாரியும் கலந்த பகுதி. பொன்னமராவதி நல்ல கடைவீதியும் வெளியூர்ப் பேருந்து வசதியும் உள்ள ஊர். திருமயத்திலும் இப்போது அரசு கலை அறிவியல் கல்லூரி உள்ளது. நான் படித்த காலத்தில் அது இல்லை. பெரிய நோய் என்றால் புதுக்கோட்டைக்கோ மதுரைக்கோதான் ஓட வேண்டும். வீட்டு வாடகை குறைவு. வயல் கூப்பிடு தூரத்தில் இருக்கும்.

தண்ணீரைப் பார்க்காத ஊர் என்ன ஆகும்?

மலைகளுக்கு இடையே அகன்ற உழவுச் சமவெளியில் நகரங்கள் வளர்ந்த இடம் ஒன்று அமெரிக்காவில் உண்டு. கலிபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கு என்பது அதன் பெயர். பாதாமும் திராட்சையும் பருத்தியும் விளையும் பணக்காரப் பூமி. அங்கே பயிருக்காக நிலத்தடி நீரை அளவின்றி இறைத்தார்கள். மெண்டோட்டா என்னும் ஊருக்கு அருகே 1925 முதல் 1977 வரை தரைமட்டமே ஏறத்தாழ 28 அடி கீழே இறங்கிவிட்டது. 2014 வறட்சியின்போது ஈஸ்ட் போர்ட்டர்வில் என்ற ஊரில் நூற்றுக்கணக்கான வீட்டுக் கிணறுகள் வற்றின. மக்கள் வாளியும் பாட்டிலுமாகக் குடிநீருக்கு நின்றார்கள். நல்ல சாலையும் மின்சாரமும் உள்ள நாட்டில் நடந்தது இது.

இதை ஏன் சொல்கிறேன்? வாடகை வீடு பார்க்கும்போது குழாயைத் திறந்து பார்க்கிறோம், அது போதாது. கோடையில் அந்தத் தெருவுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது, கிணறு எத்தனை அடி, பத்தாண்டுக்கு முன் எத்தனை அடி என்று கேளுங்கள். ஊர்க்குளம் நீர் நிற்கும் குளமா, குப்பை கொட்டும் குளமா என்று போய்ப் பாருங்கள். நிலம் வாங்கும்போது கிணற்றை எட்டிப் பார்க்காமல் முன்பணம் கொடுப்போமா? ஊருக்கும் அதே சோதனை வேண்டும்.

வீட்டுப் பெண்களைக் கேளுங்கள்

1991, 1992-ஆம் ஆண்டுகளில் அறிவொளி இயக்கம் நம் மாவட்டத்தில் நடந்தபோது ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். கல் உடைக்கும் பெண்கள் முதல் ஆசிரியைகள் வரை சைக்கிளில் போனதை நம் தாய்மார்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். போய்வரும் தூரத்தைத் தாங்களே தீர்மானிக்க முடிந்ததுதான் அவர்களுக்கு அதில் கிடைத்த பெரிய பயன்.

நகரத்துக்குக் குடிபோகும்போது இந்தச் சுதந்திரம் கூடவும் செய்யலாம், குறையவும் செய்யலாம். கிராமத்தில் மாடும் ஆடும் கோழியும் வளர்த்துத் தன் கையில் நாலு காசு வைத்திருந்தவர், நகரத்து ஒற்றை அறையில் கணவரின் கையை எதிர்பார்க்கும் நிலை வரலாம். மாறாக, மருத்துவமனையும் பிள்ளைகளின் பள்ளியும் பக்கத்தில் வந்து பாரம் குறையவும் செய்யலாம். எது நடக்கும் என்பது அவர்களுக்கே நன்றாகத் தெரியும். எங்கள் அம்மாவை அன்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், "புதுக்கோட்டையிலேயே இருப்போம், மாட்டை விற்க வேண்டாம்" என்று சொல்லியிருப்பேன் என்று இப்போது சொல்கிறார்.

ஒரு தாளில் கணக்கு

இன்றிரவு வீட்டில் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நினைத்திருக்கும் இரண்டு மூன்று ஊர்களின் பெயரை மேலே எழுதுங்கள். ஒவ்வோர் ஊருக்கும் கீழே இந்த ஆறு விடைகளை எழுதுங்கள்.

1. வயலிலிருந்து தூரம் எவ்வளவு? உங்கள் பயிர் அழைக்கும் தூரத்துக்குள் வருகிறதா?

2. வாடகை, பால், காய்கறி, விறகு அல்லது எரிவாயு, தண்ணீர் ஆகியவற்றுக்கு மாதம் எவ்வளவு கூடுதல் செலவு?

3. பிள்ளை படிக்கப்போகும் பள்ளி எது? அதே தரத்தில் இதைவிட அருகில் வேறு பள்ளி உண்டா?

4. நள்ளிரவில் நெஞ்சுவலி என்றால் எத்தனை நிமிடத்தில் மருத்துவமனை சேரலாம்?

5. கோடையில் குடிநீர் எப்படி?

6. மாடு, ஆடு என்ன ஆகும்? அதனால் குறையும் வரவு எவ்வளவு? எருவும் போய்விடுமல்லவா, அதற்கு ஈடாக வாங்கும் உரச் செலவு எவ்வளவு?

பயண நேரத்தையும் கூலியாகக் கணக்கிடுங்கள். உதாரணமாக, போய்வர மூன்று மணி நேரம் ஆகும் ஊரிலிருந்து ஆண்டுக்கு நூறு நாள் வயலுக்கு வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முந்நூறு மணி நேரம் ஆகிறது. எட்டு மணி நேரத்தை ஒரு வேலை நாளாகக் கொண்டால் முப்பத்தேழு நாளுக்கு மேல் பேருந்திலேயே கழிகிறது. ஒரு மணி நேரத்தில் போய்வரும் ஊரானால் பன்னிரண்டரை நாளோடு போயிற்று. மிச்சமுள்ள இருபத்தைந்து நாள் உழைப்பு உங்கள் வயலுக்குக் கிடைக்கும். அது போதும், இரண்டு களை எடுத்துவிடலாம்.

இடையில் இரண்டு வழிகளும் உண்டு. ஒன்று, குடும்பம் முழுவதும் போகாமல், மேல்நிலைப் படிப்புக்கு மட்டும் பிள்ளையை விடுதியிலோ உறவினர் வீட்டிலோ விடுவது. மற்றொன்று, குடிபோகுமுன் பயிரை மாற்றுவது. பூவும் காய்கறியும் போடும் நிலத்தில் படிப்படியாகப் பலாவோ முந்திரியோ வைத்து, அவை வேர் பிடித்தபின் போவது. எங்கே போனாலும் வீட்டை இடித்துவிடாதீர்கள். கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக உள்ளவர்கள் முகவரியை மாற்றுமுன் கடன் வசதி பாதிக்குமா என்று சங்கத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

விவசாயப் பெருமக்களே! பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டாம் என்றோ, நகரத்துக்குப் போக வேண்டாம் என்றோ நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல எனக்கு என்ன தகுதி? நான் படித்த படிப்பே அப்படி வந்ததுதான். தெரியாமல் போகாதீர்கள், கணக்குப் பார்த்துப் போங்கள் என்றுதான் சொல்கிறேன்.

போன ஐப்பசியில் அப்பாவை எங்கள் பழைய வயலுக்கு அழைத்துப் போனேன். வாங்கியவர் கருவேலத்தை வெட்டிவிட்டுக் கிணற்றைச் சரிசெய்து நெல் நட்டிருந்தார். அவர் குடியிருப்பது திருமயத்தில். தினமும் காலையில் வண்டியில் வந்துவிடுவாராம். அப்பா வரப்பில் உட்கார்ந்து வெகுநேரம் பயிரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கும்போது, "எட்டுக் கிலோ மீட்டர்தான்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

நீங்கள் போகும் ஊர் எதுவாயினும், அங்கிருந்து உங்கள் வயலுக்கு எத்தனை கிலோ மீட்டர் என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள்.